கோத்திரமும் கொடுத்த வாக்கும்

 

 

திருக்குர்ஆனின் 49ஆவது அத்தியாயமாகிய ஸூரத்துல் ஹுஜுராத்தில் அடுத்தடுத்து இரண்டு வசனங்கள் உள்ளன. 13ஆவது வசனம், மனிதரை இனங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்றும், அல்லாஹ்விடத்தில் மேன்மை இறையச்சத்தால் மட்டுமே என்றும் அறிவிக்கிறது. அடுத்த 14ஆவது வசனம், "நாங்கள் ஈமான் கொண்டோம்" என்று கூறிக்கொண்டு வந்த நாடோடி அரபிகளைத் திருத்துகிறது. அவர்கள் கட்டுப்பட்டு விட்டார்கள். ஆனால் ஈமான் இன்னும் அவர்களின் உள்ளங்களில் நுழையவில்லை என்று அது உணர்த்துகிறது. கோத்திரத்தைப் பற்றிய பேச்சு முடிந்தவுடனேயே விசுவாசத்தைப் பற்றிய பேச்சு தொடங்குவதைச் சிந்திக்க வேண்டும். ஒரு மனிதன் யாருக்கு விசுவாசமாக இருக்கிறான்? இரத்தத்திற்கா, ஆதாயத்திற்கா, கொடுத்த வாக்குக்கா? பாலைவனக் கோத்திரங்களின் வரலாறு முழுவதும் இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. காவிரிக் கரையில் வாழும் நம்முடைய வரலாற்றிலும் அது புகுந்திருக்கிறது.

தண்ணீரும் கோத்திரமும்

பாலைவனத்து மனிதன் கோத்திரத்தை ஏன் உயிராகக் கருதினான் என்பதைப் புரிந்துகொள்ள நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. ஆற்றில் நீர் குறைந்த ஆண்டில் கடைமடைக்காரன் படும் பாட்டை நாம் கண்டிருக்கிறோம். தலைமடையில் மதகு அடைபட்டால் கீழே நாற்றங்கால் காய்கிறது. அப்போது ஊர் ஒன்றுகூடி நின்றால்தான் நீர் கிடைக்கும். தனியாளாக நிற்பவனின் குரல் எடுபடாது. ஆயினும் நமக்கு முறைப்பாசனம் உண்டு, அதிகாரி உண்டு, வழக்குமன்றம் உண்டு. அரபுப் பாலைவனத்தில் இவற்றில் ஒன்றும் இல்லை. கிணறும் மேய்ச்சல் நிலமும் எவனுக்கு என்பதைக் கோத்திரத்தின் வாள்தான் தீர்மானித்தது. கொல்லப்பட்டவனுக்காகப் பழிவாங்கவும், கொன்றவனுக்காக ஈட்டுத்தொகை கொடுக்கவும் அவனது கபீலாவே பொறுப்பேற்றது. கபீலா இல்லாதவன் இன்னொரு கபீலாவின் அடைக்கலத்தைக் கேட்டுப் பெற்றாக வேண்டும். இந்த அடைக்கலத்திற்கு ஜிவார் என்றும், கோத்திரங்களுக்கிடையிலான உடன்படிக்கைக்கு ஹில்ஃப் என்றும் பெயர்.

இவ்வாறு வாழ்ந்த கோத்திரங்களை அக்காலத்து இரு பேரரசுகளும் தமக்குப் பயன்படுத்திக்கொண்டன. ரோமப் பேரரசு ஸிரியா எல்லையில் கஸ்ஸானியரையும், பாரசீகப் பேரரசு ஹீராவில் லக்மியரையும் வைத்துக் காத்தன. இரு சாராரும் அரபிகளே, ஒரே மொழி பேசியவர்களே. ஆனால் கி.பி. 554இல் கஸ்ஸானிய மன்னர் ஹாரிஸ் பின் ஜபலா, லக்மிய மன்னர் முன்திரைப் போரில் கொன்றார். இத்தனை உழைத்தும் எஜமானரின் நன்றி நிலைத்ததா? ஏறத்தாழ கி.பி. 602இல் பாரசீகப் பேரரசர் குஸ்ரூ, ஹீராவின் கடைசி லக்மிய மன்னர் நுஃமானைச் சிறைப்பிடித்துக் கொல்வித்தார். சில ஆண்டுகளில் பக்ர் பின் வாஇல் கோத்திரத்தார் தீகார் என்னுமிடத்தில் பாரசீகப் படையைத் தோற்கடித்தனர். கூலிக்குக் கிடைத்த விசுவாசம் இரு பக்கமும் கூலி தீர்ந்தவுடன் தீர்ந்துபோயிற்று.

உயைனாவும் அதீயும்

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் இரண்டு கோத்திரத் தலைவர்கள் இருந்தனர். ஒருவர் கத்ஃபான் கோத்திரத்தின் உயைனா பின் ஹிஸ்ன். மற்றவர் தய் கோத்திரத்தின் அதீ பின் ஹாதிம் (ரலி). இவ்விருவரின் வரலாற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நம் கேள்விக்குப் பாதி விடை கிடைக்கும்.

ஹிஜ்ரி 5இல் (கி.பி. 627) அகழ்ப்போரின்போது குறைஷிகளுடன் சேர்ந்து மதீனாவை முற்றுகையிட்டவர்களில் கத்ஃபான் கோத்திரத்தாரும் இருந்தனர். அவர்களுக்கு முஸ்லிம்களோடு தீராப் பகை எதுவும் இல்லை, எதிர்பார்த்தது ஆதாயம். முற்றுகையின் கடுமையைத் தணிக்க, மதீனாவின் பேரீத்தம்பழ விளைச்சலில் மூன்றிலொரு பங்கைக் கொடுத்து அவர்களைத் திருப்பியனுப்பலாமா என்று நபி (ஸல்) அவர்கள் அன்ஸாரித் தலைவர்களிடம் ஆலோசித்தார்கள். இது அல்லாஹ்வின் கட்டளையா, எங்கள் நலனுக்காகத் தாங்கள் எண்ணியதா என்று ஸஅத் பின் முஆத் (ரலி), ஸஅத் பின் உபாதா (ரலி) இருவரும் கேட்டனர். தங்கள் நலனுக்காகவே என்று அறிந்ததும், சிலை வணங்கிய காலத்திலேயே விருந்தினராகவோ விலை கொடுத்தோ அன்றி ஒரு பழத்தையும் இவர்கள் எங்களிடம் பெற்றதில்லை, இஸ்லாத்தால் கண்ணியம் பெற்ற பின்பா கொடுப்போம் என்று மறுத்துவிட்டனர்.

பின்னர் உயைனா இஸ்லாத்தில் இணைந்தார். ஹிஜ்ரி 8இல் ஹுனைன் போருக்குப் பின், உள்ளங்கள் இணக்கமாக்கப்பட வேண்டியவர்கள் என்ற வகையில் அவருக்கு 100 ஒட்டகங்கள் வழங்கப்பட்டன. தங்களுக்கு எதுவும் கிடைக்கவில்லையே என்று அன்ஸாரி இளைஞர் சிலர் வருந்தியபோது, மக்கள் ஆடுகளையும் ஒட்டகங்களையும் ஓட்டிச்செல்ல, நீங்கள் அல்லாஹ்வின் தூதரை அழைத்துச் செல்வது உங்களுக்குப் போதாதா என்ற கருத்தில் நபியவர்கள் கேட்க, அவர்கள் தாடி நனைய அழுதனர். ஒட்டகம் பெற்றவர்கள் வீடு திரும்பினர்; தூதரைப் பெற்றவர்கள் மதீனா திரும்பினர்.

ஹிஜ்ரி 11இல் (கி.பி. 632) நபி (ஸல்) அவர்கள் மறைந்தார்கள். உடனே கோத்திரங்கள் பல சரிந்தன. நாங்கள் உடன்படிக்கை செய்தது அந்த மனிதருடன்தான், அவர் மறைந்தபின் மதீனாவுக்கு ஏன் ஜகாத் கொடுக்க வேண்டும் என்பது அவற்றுள் பலவற்றின் எண்ணம். ஒரு தலைவர் இறந்தால் உடன்படிக்கை முடிந்தது என்பது பழைய பாலைவன வழக்கம். பனூ அஸத் கோத்திரத்தில் துலைஹா தன்னை நபி என்று அறிவித்தான். மேலே கூறிய 14ஆவது வசனம் இதே பனூ அஸத் கோத்திரத்தார் குறித்து இறங்கியதாக விரிவுரையாளர் பலர் எழுதியிருப்பது கவனிக்கத்தக்கது. பஞ்ச காலத்தில் மதீனா வந்து, போரிடாமலேயே உம்மிடம் வந்தோம் என்று தங்கள் இஸ்லாத்தை ஓர் உபகாரமாகச் சொல்லிக் காட்டியவர்கள் அவர்கள். துலைஹாவின் பக்கம் உயைனாவும் சேர்ந்தார். புஸாகா போரில் தோற்றுப் பிடிபட்டு, கைகள் கட்டப்பட்ட நிலையில் மதீனாவுக்குக் கொண்டுவரப்பட்டார். அபூபக்ர் (ரலி) அவர்கள் அவரை மன்னித்தார்கள்.

அதீ (ரலி) அவர்களோ வள்ளல் ஹாதிமின் மைந்தர். முன்பு கிறிஸ்தவராயிருந்து இஸ்லாத்தை ஏற்றவர். அவருடைய தய் கோத்திரத்தாரில் ஒரு பிரிவினரும் துலைஹாவோடு சேர்ந்து விட்டனர். படை நடத்தி வந்த காலித் பின் வலீத் (ரலி) அவர்களிடம் அதீ மூன்று நாள் அவகாசம் கேட்டுப் பெற்றார். தம் மக்களிடம் சென்று பேசி, அவர்களைத் துலைஹாவிடமிருந்து மீட்டு, 500 வீரர்களுடன் திரும்பி வந்தார். தம் கோத்திரத்தின் ஜகாத்தையும் மதீனாவில் சேர்ப்பித்தார். அவர் கோத்திரத்தைக் கைவிடவில்லை. அவர்கள் செய்த தவறில் துணை நிற்கவும் இல்லை. கோத்திரத்தின் மீது வைத்த அன்பினாலேயே அதனை வாக்குப் பிறழ்விலிருந்து காப்பாற்றினார். துலைஹாவும் பிற்காலத்தில் மனந்திரும்பி, உமர் (ரலி) அவர்களிடம் பைஅத் செய்து, காதிஸிய்யாவிலும் நஹாவந்திலும் வீரராகப் போரிட்டார் என்பதும் வரலாறு. திரும்பி வருபவனுக்கு இஸ்லாம் வாசலை அடைப்பதில்லை.

ஆயினும் கோத்திர வெறி முற்றிலும் மடியவில்லை. பஸராவிலும் கூஃபாவிலும் கோத்திரத்திற்கொரு வட்டாரமாகக் குடியேறியவர்கள் பழைய பகைகளையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தனர். கி.பி. 684இல் ஸிரியாவின் மர்ஜ் ராஹித் போரில் கைஸ் அணியினரும் யமன் அணியைச் சேர்ந்த கல்பு கோத்திரத்தாரும் மோதினர். கிலாஃபத் யாருக்கு என்பதே போரின் காரணம். அந்தக் காரணம் மறைந்த பின்னும் கைஸ், யமன் என்ற பெயர்கள் மறையவில்லை. ஆயிரம் ஆண்டுகள் கழித்து, 1711இல் லெபனான் மலையில் நடந்த ஐன்தாரா போரிலும் இரு அணிகளும் இவ்விரு பெயர்களையே தாங்கி நின்றன. இரத்த உறவால் வரும் ஒற்றுமை ஆட்சியைக் கட்டியெழுப்பவும் வல்லது, பின்பு அதனையே சிதைக்கவும் வல்லது. இதனை 1377இல் தமது முகத்திமாவில் அறிஞர் இப்னு கல்தூன் அஸபிய்யத் என்ற சொல்லால் விளக்கினார்.

பாலைவனத்துக் குதிரையும் நெல்நாடும்

அருமைச் சகோதரர்களே! இந்தப் பாலைவனத்திற்கும் நம் நெல்வயல்களுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு குதிரையின் வழியாக வந்தது.

அரபிகளைத் தமிழகம் சோனகர் என்று அழைத்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் வரும் அணிகலப் பெயர்களுள் சோனகச்சிடுக்கு என்பதும் ஒன்று. சோழர் ஆட்சி 1279ஆம் ஆண்டளவில் முடிவுற்று, காவிரி நாடு பாண்டியன் மாறவர்மன் குலசேகரனின் கைக்கு வந்தது. ஈரமும் வெப்பமும் நிறைந்த இந்த மண்ணில் போர்க்குதிரை வளரவில்லை. ஆகவே பாண்டியர் அதனைக் கடல்கடந்து வாங்கினர். பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவை ஆண்ட மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன், ஆண்டுதோறும் 1,400 குதிரைகளைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். ஒரு குதிரையின் விலை 220 பொற்காசுகள். வழியில் கடலில் இறந்த குதிரைக்கும் அரசன் விலை கொடுத்தான். கதீஃப், அல்அஹ்ஸா, பஹ்ரைன் முதலிய இடங்களிலிருந்தும் குதிரைகள் வந்தன. அந்தக் கிழக்கு அரபகத்தை அப்போது ஆண்டவர்கள், பனூ உகைல் வழிவந்த உஸ்ஃபூர் குடும்பத்தார். பாலைவனக் கோத்திரத்தினராக இருந்து ஆட்சியாளர்களானவர்கள் அவர்கள்.

வந்த குதிரைகளுக்கு இங்கே வறுத்த தானியமும் வெண்ணெயும் காய்ச்சிய பசும்பாலும் கொடுத்தனர் என்று வஸ்ஸாஃப் வியக்கிறார். சோற்றோடு இறைச்சியைச் சேர்த்து வேகவைத்துக் கொடுத்தனர் என்று மார்க்கோ போலோ கூறுகிறார். குதிரைகள் விரைவில் மடிந்தன; அதனாலேயே வணிகம் ஓயவில்லை. ஜமாலுத்தீனின் சகோதரர் தகிய்யுத்தீன் அப்துர் ரஹ்மான், காயல் முதலிய துறைமுகங்களின் பொறுப்பை ஏற்று, பாண்டிய மன்னனின் அமைச்சராகவும் ஆலோசகராகவும் விளங்கினார். முஸ்லிமல்லாத ஓர் அரசன் முஸ்லிம் ஒருவரை நம்பித் துறைமுகத்தையே ஒப்படைத்தான்.

நம்மிடையே வழங்கும் இராவுத்தர் என்ற பெயர் குதிரை வீரனைக் குறித்த சொல்லாகும். மரக்கலத்தோடு தொடர்புடையது மரைக்காயர் என்ற பெயர் என்பர். ஒன்று குதிரையின் மீது வந்தது, மற்றொன்று குதிரையைக் கொண்டுவந்த கப்பலின் மீது வந்தது. இரண்டும் தொழிலைச் சொல்லும் பெயர்களே. ஒருவரைவிட ஒருவர் உயர்ந்தவர் என்று சொல்லும் பெயர்கள் அல்ல.

கண்ணனூரில் இருமுறை

இப்போது விசுவாசத்தின் கடினமான சோதனைக்கு வருவோம். குலசேகரனுக்குப் பின் மைந்தர்கள் சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் தம்முள் போரிட்டனர். 1311ஆம் ஆண்டின் முற்பகுதியில் தில்லி சுல்தான் அலாவுத்தீன் கில்ஜியின் தளபதி மாலிக் காஃபூர் தமிழகத்துக்குள் படையெடுத்து வந்தார். வீர பாண்டியனைத் தேடிச் சென்ற படை, கந்தூர் என்னுமிடத்தில் முஸ்லிம்கள் சிலரைப் பிடித்தது. அவர்கள் பாண்டியனுக்குக் கீழ்ப்பட்டு வாழ்ந்தவர்கள். இந்தக் கந்தூர், திருச்சிக்கு வடக்கே சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூரே என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். தில்லிக் கவிஞர் அமீர் குஸ்ரூ, அம்முஸ்லிம்களை மார்க்க நெறிகளைச் சரிவரப் பேணாத அரைகுறையினர் என்று இகழ்ந்து எழுதுகிறார். ஆயினும் அவர்கள் கலிமாவை மொழிந்ததால் தளபதி அவர்களை உயிரோடு விட்டார் என்றும் குறிப்பிடுகிறார்.

போர்க்களத்தில் கலிமா மொழிந்த ஒருவரை, அச்சத்தால் மொழிந்தார் என்று கருதி உஸாமா (ரலி) அவர்கள் கொன்றுவிட்டபோது, அவரது உள்ளத்தைப் பிளந்து பார்த்தீரா என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் வருந்திக் கேட்டதை நாம் அறிவோம். உள்ளத்தில் ஈமான் நுழையவில்லை என்று நாடோடி அரபிகளைப் பற்றிச் சொல்லும் அதிகாரம் அல்லாஹ்வுக்கு உண்டு. அந்த அதிகாரம் தில்லிக் கவிஞருக்கும் இல்லை, நமக்கும் இல்லை.

தில்லிப் படை வந்த நாளில் இம்முஸ்லிம்கள் பாண்டியனின் குடிகளாக இருந்தது குற்றமா? ஸூரத்துல் அன்ஃபாலின் 72ஆவது வசனத்தைப் பாருங்கள். ஹிஜ்ரத் செய்யாமல் தங்கள் இடங்களிலேயே தங்கிவிட்ட முஃமின்கள் மார்க்க விஷயத்தில் உதவி கேட்டால் உதவுவது கடமை என்று கூறும் அவ்வசனம், உங்களோடு உடன்படிக்கை செய்துள்ள சமூகத்தாருக்கு எதிராகத் தவிர என்று விதிவிலக்கும் அளிக்கிறது. மார்க்கச் சகோதரனின் அழைப்பு கூட, கொடுத்த வாக்கை முறிப்பதற்கு அனுமதி ஆகாது! உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நம் தமிழ்ப் பழமொழி சொல்வதும் இதற்கு நெருக்கமானதே.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 1342-43இல் அதே கண்ணனூர்க் கொப்பத்தில் மீண்டும் ஒரு போர் மூண்டது. மதுரை சுல்தானின் கோட்டையை ஹொய்சள மன்னர் மூன்றாம் வல்லாளர் முற்றுகையிட்டார். வல்லாளரின் படையில் ஏறக்குறைய 20,000 முஸ்லிம்கள் இருந்ததாக அக்காலத்தில் இங்கு வந்த பயணி இப்னு பதூதா எழுதுகிறார். அவர்களைப் பற்றி அவர் நல்ல சொல் சொல்லவில்லை; ஓடிப்போன அடிமைகள், குற்றவாளிகள் என்றே கூறுகிறார். ஆனால் இன்னொன்றையும் அவர் மறைக்கவில்லை. மதுரை சுல்தான் கியாஸுத்தீன், இப்னு பதூதாவின் நெருங்கிய உறவினர். இருவரும் சகோதரிகளை மணந்தவர்கள். சொந்த ஷட்டகரே ஆட்சியாளர் என்றிருந்தும், அவர் பிடிபட்ட ஹிந்துப் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதை இப்னு பதூதா கண்டித்து எழுதினார். வேறெந்த அரசரும் செய்யாத கொடுமை என்றும், இதனாலேயே அல்லாஹ் அவருக்கு விரைவில் மரணத்தைத் தந்தான் என்றும் தமது பயண நூலில் பதிவு செய்தார். விருந்தும் உறவும் அவரது நாவைக் கட்டிவிடவில்லை.

தன் சமூகத்தை நேசிப்பது அஸபிய்யத் ஆகுமா என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டது. ஆகாது, தன் சமூகம் அநியாயம் செய்யும்போது அதற்குத் துணை நிற்பதே அஸபிய்யத் என்ற கருத்தில் விடையளித்தார்கள். அதீ (ரலி) அவர்கள் செய்ததும், இப்னு பதூதா எழுதியதும் இந்த விடையின் இரு எடுத்துக்காட்டுகள்.

நம் தெருவில் என்ன நடக்கிறது?

சில ஆண்டுகளுக்கு முன் நம் பகுதியின் ஓர் ஊரில் ஜும்ஆவுக்குப் பின் ஜமாஅத் கூட்டம் ஒன்று நடந்தது. இக்கட்டுரையாளரும் அங்கிருந்தார். பள்ளிவாசலுக்குச் சொந்தமான நிலத்தின் குத்தகைக் கணக்கை ஓர் இளைஞர் கேட்டார். கணக்கு காட்டப்படவில்லை. "இவன் எந்தத் தெரு? எந்த வகையறா?" என்ற கேள்விதான் எழுந்தது. அரை மணி நேரத்தில் கூட்டம் இரண்டாகப் பிரிந்து நின்றது. ஒரு பக்கத்தில் நின்றவர்களில் பலருக்குக் கணக்கில் குறை இருப்பது தெரியும். ஆயினும் சொந்தக்காரர் பக்கம் நின்றனர். அன்று கைஸும் யமனும் நம் பள்ளிவாசலின் முற்றத்தில் நின்றிருந்தன.

பெண் கேட்டு வந்த பிள்ளையிடம் தொழுகையும் இருக்கிறது, ஒழுக்கமும் உழைப்பும் இருக்கின்றன. ஆனால் அவர் வேறு பிரிவினர் என்பதற்காக மறுக்கிறோம். பல ஆண்டுகள் கழித்து மகளின் தலையில் நரை தோன்றிய பின் வருந்துகிறோம். எங்கள் முன்னோர் அரபகத்திலிருந்து வந்தவர்கள் என்று பெருமை பேசுகிறோம். வந்திருக்கலாம், அது அல்லாஹ்வின் ஏற்பாடு. அரபகத்தில்தான் உயைனாவும் இருந்தார், அதீயும் இருந்தார். நம் முன்னோர் யாருடைய வழியினர் என்பதை எலும்பைப் பார்த்து அறிய இயலாது. நாம் வாக்கைக் காப்பதைப் பார்த்தே அறிய இயலும்.

நாம் வாக்குக் கொடுத்தவர்கள் பலர். அல்லாஹ்வுக்குக் கலிமாவால் வாக்குக் கொடுத்தோம். மனைவிக்கு நிகாஹின்போது வாக்குக் கொடுத்தோம். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தபோது அதன் உரிமையாளருக்கு, அவர் எந்தச் சமயத்தவராயினும், வாக்குக் கொடுத்தோம். நாட்டின் குடிமக்களாக அதன் சட்டத்தின் கீழ் வாழ்வதற்கும், அண்டை வீட்டார் பயமின்றி உறங்குவதற்கும் வாக்குக் கொடுத்திருக்கிறோம். ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்ற கட்டளையோடுதான் ஸூரத்துல் மாயிதா தொடங்குகிறது.

யா அல்லாஹ்! எங்கள் உள்ளங்களில் ஈமானை நுழையச் செய்வாயாக! உறவை நேசிக்கவும், உறவினரின் அநியாயத்தைத் தடுக்கவும் எங்களுக்குத் துணிவைத் தருவாயாக! கொடுத்த வாக்கைக் காத்தவர்களாக உன்னிடம் எங்களை மீளச் செய்வாயாக! ஆமீன்.